மூன்றாம் ஓலை

போன மாதம் பெங்களூரில் பீன்யா பக்கத்துச் சபையிலிருந்து ஓர் இளம் ஆயர் போன் செய்தார். குருப்பட்டம் பெற்று இரண்டு வருடம்தான் ஆகிறது. என் சர்க்கரை அளவை விசாரித்தார், என் மனைவியின் முழங்காலை விசாரித்தார், பிறகு விஷயத்துக்கு வந்தார். அவருடைய சபைக் கமிட்டியில் ஒரு யோசனை வந்திருக்கிறதாம். இனிமேல் கல்யாண ஓலையை ஆராதனையில் வாசிக்க வேண்டாம். பாட்டு வரிகளைக் காட்டும் திரையிலேயே மணமக்கள் போட்டோவோடு போட்டுவிடலாம். தடை சொல்ல விரும்புகிறவர்கள் கீழே கண்ட வாட்ஸ்அப் எண்ணில் தெரிவிக்கலாம். நேரம் மிச்சமாகும் என்பது காரணம்.

"ஐயா, உங்க சர்வீஸ்ல யாராவது நிஜமாவே எழுந்து தடை சொல்லியிருக்காங்களா?" என்று கேட்டார்.

"ஒரு தடவை" என்றேன்.

"யாருங்கய்யா?"

போனில் சொல்ல முடியாது, எழுதி அனுப்புகிறேன் என்றேன். இரண்டு பக்கத்தில் முடிக்க நினைத்தேன். முடியவில்லை.

எங்கள் வழக்கம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் சபையில் ஒரு கல்யாணம் நடக்க வேண்டுமானால் அதற்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அறிவிக்க வேண்டும். இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, இதற்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் இப்போதே சொல்லலாம் என்று ஆயர் கேட்பார். இதற்கு ஓலை வாசிப்பது என்று பெயர். ஓலை எல்லாம் கிடையாது, ஒரு நீளமான பதிவேடுதான். முதல் ஓலை, இரண்டாம் ஓலை, மூன்றாம் ஓலை. மூன்றுக்கும் யாரும் வாய் திறக்காவிட்டால் கல்யாணம். யாரும் வாய் திறப்பதில்லை.

நான் முப்பத்து மூன்று வருடம் ஆயராக இருந்தேன். இறையியல் கல்லூரியில் நான்கு வருடம் படித்தேன். அங்கே கற்றுக்கொண்ட கிரேக்கத்தை அதன் பிறகு ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை. வேலையைக் கற்றுக்கொண்டது கோலார் சாலையில் இருந்த ஒரு சின்ன ஊரில், மூத்த ஆயர் பாக்கியநாதன் ஐயாவின் கீழே உதவி ஆயராக இருந்த மூன்று வருடத்தில்.

பாக்கியநாதன் ஐயா யாரையும் திட்டியதில்லை. நான் எழுதிய பதிவேடுகளைச் சனிக்கிழமை காலையில் வாங்கிப் பார்ப்பார். தப்பு இருக்கும் இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார். என்ன தப்பு என்று சொல்ல மாட்டார். அதை நானே கண்டுபிடித்துத் திருத்தி, புள்ளியை அழித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு பக்கத்தில் பதினொரு புள்ளி வாங்கியது நினைவிருக்கிறது. அதில் பத்தை மதியத்துக்குள் கண்டுபிடித்துவிட்டேன். பதினொன்றாவது புள்ளிக்குக் காரணமே தெரியாமல் மாலையில் போய் நின்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அது பேப்பர்ல இருந்த புள்ளி" என்றார்.

என் முதல் அடக்க ஆராதனையில் ஒரு பெரிய தவறு செய்தேன். அந்த ஊரில் அண்ணன் தம்பி இருவர், ஒருவர் யாக்கோபு, மற்றவர் யோசேப்பு. இறந்தது யாக்கோபு. நான் இருபது நிமிடம் யோசேப்பைப் பற்றிப் பேசினேன். யோசேப்பு முதல் வரிசையில் உட்கார்ந்து கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் பாக்கியநாதன் ஐயா என்னை அவர் வீட்டுக்கு அனுப்பினார். மன்னிப்புக் கேட்டேன். அவர் காபி கொடுத்து, "பரவாயில்லீங்க ஐயா, நல்லாத்தான் பேசினீங்க. என் முறை வரும்போது இதையே பேசிடுங்க" என்றார். ஆறு வருடம் கழித்து, வேறு ஊரிலிருந்து என்னை வரவழைத்து, அதையே பேச வைத்தார்கள்.

கல்யாணங்களுக்கு பாக்கியநாதன் ஐயா வைத்திருந்த முறை இரண்டு. ஒன்று, ஓலை எழுதுவதற்கு முன்னால் பெண்ணைத் தனியாகப் பார்ப்பது. பெண்ணின் அப்பா அம்மாவை வெளியே புங்க மரத்தடியில் உட்கார வைப்பார். கதவு திறந்தே இருக்கும். அவர்களுக்கு உள்ளே நடப்பது தெரியும், பேசுவது கேட்காது. பெண்ணிடம் மூன்று கேள்வி. உன் பேர் என்ன, யாரைக் கட்டிக்கப் போறே, உனக்கு முழு சம்மதமா. முதல் இரண்டும் வாயைத் திறப்பதற்காக. மூன்றாவதுதான் கேள்வி என்பார். ஒரு பெண் மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லாமல் மரத்தடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐயா எழுந்து, அவளை நிற்கச் சொல்லி, நாற்காலியைச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டு மறுபடி உட்காரச் சொன்னார். அதே கேள்வியை மறுபடி கேட்டார். அந்தக் கல்யாணம் நடக்கவில்லை. ஏன் நடக்கவில்லை என்று அந்த ஊரில் யாருக்கும் கடைசிவரை தெரியாது. பையனுக்கு ஜாதகத்தில் ஏதோ என்றுகூடச் சிலர் சொன்னார்கள், நாங்கள் ஜாதகமே பார்க்காதவர்கள்.

இரண்டாவது முறை, ஓலையில் தடை உண்டா என்று கேட்ட பிறகு மனதுக்குள் ஏழு எண்ணுவது. மற்ற ஆயர்கள் கேள்வியையும் அடுத்த அறிவிப்பையும் ஒரே மூச்சில் வாசித்துவிடுவார்கள். இவர் கேட்டுவிட்டு, தலையை நிமிர்த்தி, சபையைப் பார்த்து நிற்பார். ஏன் ஏழு என்று ஒரு நாள் கேட்டேன். "அஞ்சு பத்தாது. பத்து ஜாஸ்தி" என்றார். அதற்கு மேல் விளக்கம் கிடைக்கவில்லை.

ஏழு எண்ணுவது பார்ப்பதற்குச் சின்ன விஷயம். நின்று பார்த்தால்தான் தெரியும். மூன்றில் ஒருவர் இருமுவார், ஐந்தில் மணமகனின் அம்மா கைக்குட்டையை எடுப்பார். ஆறில் நமக்கே சந்தேகம் வந்துவிடும். நான் முப்பது வருடம் எண்ணினேன். ஒன்றும் நடக்கவில்லை.

பல ஊர்களுக்குப் பிறகு நான் அதிக வருடம் இருந்தது ஓசூர் சாலையில், எலெக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டி இருந்த ஒரு சின்ன ஊரில். அந்த ஊர் பெங்களூருக்குள் இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்பதை ஆட்டோக்காரர்கள் தினமும் முடிவு செய்தார்கள். சபையில் பாதிப்பேர் தொழிற்சாலைகளில் வேலை பார்த்துப் பழகிய பழைய தமிழ்க் குடும்பங்கள். மீதிப் பேர் பிஜி ஹாஸ்டல்களில் தங்கி ஐ.டி. கம்பெனிகளுக்குப் போகும் இளசுகள். பழையவர்கள் இடது பக்கம் ஆணும் வலது பக்கம் பெண்ணுமாக உட்காருவார்கள். புதியவர்கள் ஃபேன் எங்கே ஓடுகிறதோ அங்கே உட்காருவார்கள்.

கோயிலை ஒட்டியே எங்கள் குருமனை. குருமனை வாழ்க்கை என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது, எங்கள் வீட்டில் என்ன மீன் என்பது சபைக்குத் தெரியும், என்ன சண்டை என்பதும் தெரியும். என் மனைவி சலோமி ஆராதனையில் கீபோர்ட் வாசிப்பாள், ஞாயிறு பள்ளி நடத்துவாள், மாதர் சங்கத் தலைவியாகவும் இருப்பாள். இதில் எதற்கும் அவளை யாரும் நியமித்ததில்லை. எங்கள் ஒரே மகள் பியூலா. பிசியோதெரபி படித்துவிட்டு எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கிளினிக்கில் வேலை பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழுவில் பாடுவாள். அவளுக்கு அப்போது இருபத்தாறு வயது.

சபைச் செயலர் தேவசகாயம் அண்ணன். ஒரு தொழிற்சாலை டூல் ரூமில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் அளந்து பார்ப்பவர். கோயில் கதவு சாய்ந்திருந்தால் எத்தனை மில்லிமீட்டர் சாய்ந்திருக்கிறது என்பதோடுதான் சொல்வார். அவருடைய மகன் ஆல்வின் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. குறை சொல்ல ஒன்றும் இல்லாத பையன். ஒரு நாள் தேவசகாயம் அண்ணன் குருமனைக்கு வந்து, நம்ம ரெண்டு வீடும் ஒண்ணாயிட்டா நல்லாயிருக்கும் என்றார். சலோமிக்கு ரொம்பச் சந்தோஷம். மகள் எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இருப்பாள் என்பது அவள் கணக்கு. எனக்கும் சந்தோஷம்தான். செயலரோடு சம்பந்தம் ஆகிவிட்டால் கமிட்டிக் கூட்டங்கள் சுமுகமாக முடியும் என்று நினைத்தேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

பியூலாவிடம் சொன்னபோது, "எனக்கு இப்ப வேணாம்ப்பா" என்றாள். ஜெபம் பண்ணலாம் என்றேன். உண்மையிலேயே பண்ணினேன், அவள் சம்மதிக்க வேண்டும் என்று. சில வாரம் கழித்து அதையே அம்மாவிடமும் சொல்லியிருக்கிறாள். எல்லாருக்கும் மொதல்ல அப்படித்தான் இருக்கும், அப்புறம் சரியாயிடும் என்று சலோமி சொல்லியிருக்கிறாள். இரண்டு வீட்டாரும் கூடிப் பேசினார்கள். மண்டபம் பிடித்தாயிற்று. பத்திரிகை அச்சுக்குப் போனது.

ஓலைக்கான படிவத்தை நான் வீட்டுக்கே கொண்டுவந்தேன். மற்ற பெண்கள் என்றால் வெஸ்ட்ரிக்கு வரவேண்டும். வெஸ்ட்ரி என்பது பீடத்துக்குப் பின்னால், நாங்கள் அங்கி மாற்றும் சின்ன அறை; அலுவலகமும் அதுதான். பெற்றோரை வெளியே அனுப்பிவிட்டு, நாற்காலியைச் சுவரைப் பார்த்துப் போட்டு, மூன்று கேள்வியும் கேட்பேன். இங்கே பெற்றோரே நான்தான். என்னை நானே வெளியே அனுப்ப முடியாது. இப்படிப்பட்ட சமயத்தில் பக்கத்துச் சபை ஆயரைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அவரை எதற்குத் தொந்தரவு செய்வது என்று விட்டுவிட்டேன்.

சாப்பாட்டு மேசையில் படிவத்தை வைத்தேன். பியூலா பேனாவை எடுத்தாள். "கையெழுத்துப் போட்டே ஆகணுமாப்பா?" என்றாள்.

"அந்த இடம் காலியா இருக்கக் கூடாதும்மா" என்றேன்.

வாசலில் கிளினிக் வண்டி ஹாரன் அடித்தது. போட்டுவிட்டுக் கிளம்பிப் போனாள்.

முதல் ஓலை வாசித்தேன், ஏழு எண்ணினேன். இரண்டாம் ஓலை வாசித்தேன், ஏழு எண்ணினேன். பெற்ற மகளின் ஓலையை வாசிப்பதால் குரலில் ஒரு தழுதழுப்பு இருந்தது என்று ஆராதனை முடிந்து பலர் பாராட்டினார்கள்.

மூன்றாம் ஓலை அன்று கோயிலில் நல்ல கூட்டம். தேவசகாயம் அண்ணன் வீட்டுக்கு ஊரிலிருந்து உறவுக்காரர்கள் வந்து மூன்றாவது வரிசை முழுவதும் உட்கார்ந்திருந்தார்கள். பெயர்களை வாசித்தேன். தடை உண்டா என்று கேட்டேன். தலையை நிமிர்த்தினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஐந்து எண்ணும்போது பாடகர் குழுவில் ஒருவர் எழுந்து நின்றார்.

பாடகர் குழுவில் ஒருவர் எழுந்தால் பாட்டு என்று அர்த்தம். சலோமி கீபோர்டில் அடுத்த பாட்டின் முதல் வரியை வாசித்தாள். சபையில் பாதிப்பேர் எழுந்துவிட்டார்கள். பாட்டு நோட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது. மற்றப் பாடகர்கள் உட்கார்ந்தே இருப்பதைப் பார்த்து சலோமி வாசிப்பதை நிறுத்தினாள். எழுந்தவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். கடைசியில் பியூலா மட்டும் நின்றுகொண்டிருந்தாள்.

"தடை இருக்கு" என்றாள்.

குரல் பெரிதாக இல்லை. ஆனால் எங்கள் கோயிலில் மைக் தேவையில்லாத ஒரே இடம் பாடகர் குழு நிற்கும் இடம்.

தடை வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது விதிகளில் இருக்கிறது. சபை நடுவில் காரணம் கேட்கக் கூடாது. தடை தெரிவிக்கப்பட்டதை அறிவிக்க வேண்டும். ஓலை வாசிப்பு அதோடு நிற்கும். ஆராதனை தொடர வேண்டும். முடிந்ததும் வெஸ்ட்ரியில், செயலர் முன்னிலையில், தடையை எழுத்தில் வாங்க வேண்டும். முப்பது வருடம் ஒரு தடவையும் பயன்படாத விதி, ஒரு வார்த்தை பிசகாமல் நினைவுக்கு வந்தது. "தடை ஒன்று தெரிவிக்கப்பட்டிருக்கிறது. தடை தெரிவித்தவர் ஆராதனை முடிந்ததும் வெஸ்ட்ரிக்கு வரவும்" என்றேன். பியூலா உட்கார்ந்தாள்.

அறிவிப்புத் தாளில் இன்னும் இரண்டு இருந்தன. மாதர் சங்கக் கூட்டம் புதன்கிழமை நான்கு மணிக்கு. போன வாரம் நீல நிறக் குடை ஒன்றை விட்டுச் சென்றவர் வந்து வாங்கிக்கொள்ளலாம். இரண்டையும் வாசித்தேன். பின் வரிசையில் ஒரு கன்னடப் பெரியவர், பேத்திக்காக எங்கள் கோயிலுக்கு வருகிறவர், பக்கத்திலிருந்தவரிடம் "ஏனாயித்து?" என்று கேட்பது பீடம்வரை கேட்டது. என்ன ஆயிற்று என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. அன்றைய பிரசங்கம் பொறுமையைப் பற்றி. இருபத்திரண்டு நிமிடம் பேசினேன். சபை கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

வெஸ்ட்ரியில் மூன்று பேர் உட்கார்ந்தோம். தடை சொன்னவர் என் மகள். விசாரிக்க வேண்டியவன் நான். எழுத வேண்டியவர் செயலர், அதாவது மாப்பிள்ளையின் அப்பா. தேவசகாயம் அண்ணன் பேனாவின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, "இதை நான்தான் எழுதணுமா ஐயா?" என்று கேட்டார்.

"செயலர்தானேண்ணா எழுதணும்" என்றேன்.

எழுதினார். தடை தெரிவித்தவர் பெயர், வயது. மணமகளுக்கு என்ன உறவு என்ற இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, 'தானே' என்று எழுதினார்.

"தடை என்ன?" என்று கேட்டேன்.

"எனக்குச் சம்மதம் இல்லை."

"கையெழுத்துப் போட்டிருக்கியேம்மா" என்றார் தேவசகாயம் அண்ணன்.

"போட்டது தப்புதான் அங்கிள். மன்னிச்சிடுங்க. ஆல்வின் மேல ஒரு குறையும் இல்லை. எனக்கு அவரைக் கட்டிக்க இஷ்டமில்ல, அவ்வளவுதான்."

இதற்குமேல் கேட்க விதிகளில் ஒன்றும் இல்லை. ஆனால் நான் கேட்டேன். ஆயர் கேட்டதல்ல அது. "இதை வீட்லயே சொல்லியிருக்கலாமேம்மா. இவ்வளவு பேர் முன்னாடியா?"

பியூலா அழவில்லை. அவள் அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

"சொன்னேன்ப்பா. ஒரு தடவை இல்ல, மூணு தடவை. வீட்ல நீங்க ஜெபம் பண்ணலாம்னு சொல்லிட்டுப் போயிடறீங்க. கோயில்ல மட்டுந்தான் கேட்டுட்டு, பதிலுக்கு நிக்கறீங்க."

தேவசகாயம் அண்ணன் இதை எழுதுவதா வேண்டாமா என்று தெரியாமல் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று தலையசைத்தேன். அப்போது கதவு தட்டப்பட்டது. ஆல்வின் நின்றான். கல்யாணத்துக்காகத் தைத்த சட்டைகளில் ஒன்றை அன்றே போட்டுக்கொண்டு வந்திருந்தான்.

"அப்பா, அவங்க என்கிட்ட முன்னாடியே சொல்லிட்டாங்க. ரெண்டு மாசமாச்சு. நான் வீட்ல பேசி நிறுத்திடறேன்னு சொல்லியிருந்தேன்."

"ஏன் சொல்லல?" என்றார் அவர்.

"சொல்ற மாதிரி ஒரு நாளும் நீங்க இருக்கலப்பா."

தேவசகாயம் அண்ணன் பேனாவை மூடிச் சட்டைப் பையில் குத்திக்கொண்டார். பிறகு, படிவத்தில் செயலர் கையெழுத்துப் பாக்கி என்பது நினைவுக்கு வந்து, மறுபடி எடுத்துத் திறந்து கையெழுத்துப் போட்டார். மகனிடம், "வண்டியை எடு, அம்மா வெயில்ல நிக்கறா" என்றார். அந்த வருடம் அவர் என்னிடம் பேசிய கடைசி வார்த்தை, அடுத்த வாரம் அனுப்பிய ராஜினாமாக் கடிதத்தில் இருந்த 'இப்படிக்கு' மட்டும்தான்.

நான் பேராயருக்கு அறிக்கை எழுத வேண்டியிருந்தது. அதில் ஒரு கேள்வி: மணமகளின் சம்மதம் தனியே விசாரிக்கப்பட்டதா? 'இல்லை' என்று எழுதினேன். காரணம் என்ற இடத்தில், 'மணமகள் என் மகள்' என்று எழுதினேன். பேராயர் என்னை நேரில் அழைத்தார். அந்த வரியை இரண்டு முறை வாசித்தார்.

"இது காரணமா, குத்தமா?" என்று கேட்டார்.

"ரெண்டும்ங்க" என்றேன்.

என் பணிக்காலத்தில் நான் வாங்கிய ஒரே எச்சரிக்கைக் கடிதம் அதுதான். என்னிடம் இன்னும் இருக்கிறது. மே மாதம் வழக்கமான மாறுதல் பட்டியலில் என் பெயரும் இருந்தது. எலஹங்கா பக்கம், நகரத்தின் மறுகோடி. தண்டனையா வழக்கமா என்று நான் கேட்கவில்லை. எது என்று அவர்களும் சொல்லவில்லை.

பிறகு நடந்ததைச் சுருக்கிவிடுகிறேன். ஆல்வின் இரண்டு வருடம் கழித்துத் தன்னோடு வேலை பார்த்த ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டான். வீட்டில் அவனே சொன்னானாம். பத்திரிகை கொண்டுவந்து கொடுத்தவர் தேவசகாயம் அண்ணன். கொடுத்துவிட்டு, எங்கள் குருமனையின் மழைநீர்க் குழாய் சாய்ந்திருப்பதாகச் சொன்னார், எவ்வளவு என்பதையும் சொன்னார். பழையபடி ஆகிவிட்டோம் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பியூலா முப்பத்தொரு வயதில் கல்யாணம் செய்துகொண்டாள். அவள் வேலை பார்த்த இடத்துக்குப் பக்கத்துச் சபையில்தான் எல்லாம். அங்கிருந்த ஆயர் அவளைத் தனியாக விசாரித்தபோது நான் மற்ற அப்பாக்களைப் போல வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நாற்பது நிமிடம் ஆயிற்று. மூன்று கேள்விக்கு நாற்பது நிமிடம் எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை. வெளியே வந்தவளிடம் கேட்டேன். அதெல்லாம் சொல்லக் கூடாதுப்பா என்றாள்.

ஆனால் இவ்வளவும் வெகுநாள் கழித்து. நடுவில் ஒன்று இருக்கிறது. இளம் ஆயருக்கு இது தேவைப்படாமல் போகலாம், ஆனாலும் சொல்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு சலோமி மகளோடு பேசவில்லை. சத்தம் போடவில்லை, சண்டை போடவில்லை. சோறு போட்டாள், துணி மடித்து வைத்தாள், பேசவில்லை. சபை முன்னால் தானே பாட்டு வாசித்து அதை வேடிக்கை ஆக்கிவிட்டோம் என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை என்று நினைக்கிறேன். கீபோர்டையும் அதன் பிறகு தொடவில்லை. மூன்று வாரம் பார்த்துவிட்டு பியூலா எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு பிஜியில் இடம் பிடித்துக்கொண்டு போய்விட்டாள். என்னோடு போனில் பேசுவாள். அம்மா எப்படி இருக்காங்க என்று கேட்பாள். நல்லா இருக்கா என்பேன். சலோமி பக்கத்து அறையில் இருந்து, நான் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். நாங்கள் எலஹங்கா பக்கம் மாறிப் போனபோதும் அப்படியேதான் இருந்தது.

புதிய சபையில் முதல் கல்யாணத்துக்கு ஒரு பெண் வந்தாள். அங்கே வெஸ்ட்ரியில் கூரை வேலை நடந்துகொண்டிருந்ததால் குருமனை முன்னறையில் வைத்து விசாரித்தேன். பெற்றோரை வேப்ப மரத்தடிக்கு அனுப்பினேன், நாற்காலியைத் திருப்பினேன், கேட்டேன். மூன்றாவது கேள்வியைக் கேட்கும்போது சலோமி டீ கொண்டுவந்து வைத்தாள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே சம்மதம் என்றாள், டீயைக் குடித்தாள், போனாள்.

சலோமி டம்ளரை எடுக்க வந்தவள், எடுக்காமல் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தாள்.

"இதை என்கிட்ட யாரும் கேக்கல" என்றாள்.

எதை என்று கேட்க இருந்தேன். கேட்பதற்குள் புரிந்துவிட்டது. எங்கள் கல்யாணத்தின்போது எனக்குக் குருப்பட்டத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள். ஆயராகப் போகிறவன் குடும்பஸ்தனாக இருந்தால் நல்லது என்று பெரியவர்கள் அவசரப்படுத்தினார்கள். எல்லாம் ஆறு வாரத்தில் முடிந்தது. பெண்ணை யாராவது தனியாக விசாரித்தார்களா என்று நான் கேட்டதில்லை. இத்தனை வருடமும் கேட்கத் தோன்றவே இல்லை.

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பே?" என்றேன்.

நான் காத்திருந்தேன்.

"ஒரு வருஷம் டைம் கேட்டிருப்பேன். பி.எட். பரிட்சைக்கு நாலு மாசந்தான் இருந்துச்சு."

சலோமி பி.எட். சேர்ந்து பாதியில் விட்டுவிட்டாள் என்பது எனக்குத் தெரியும். பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு மாறுதலின்போதும் குடும்ப விவரப் படிவத்தில் மனைவியின் படிப்பு என்ற இடத்தில் பி.ஏ. என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன், ஏழு ஊரில். டைம் கிடைத்திருந்தால் அதன் பிறகு என்ன சொல்லியிருப்பாள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "சரி விடுங்க" என்று சொல்லி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் காலையில் நான் எழுந்தபோது சமையலறையில் புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் ஆகியிருந்தன. இரண்டும் பியூலாவுக்குப் பிடித்தவை. சலோமி ஒரு எவர்சில்வர் டப்பாவில் கட்டி, துணிப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். நான் வரவா என்றேன், வேண்டாம் என்றாள். எலஹங்காவிலிருந்து மெஜஸ்டிக்குக்கு ஒரு பஸ், அங்கிருந்து எலெக்ட்ரானிக் சிட்டிக்கு இன்னொரு பஸ். முழங்கால் வலியோடு போக இரண்டரை மணி நேரம், வர இரண்டரை மணி நேரம். பஸ் ஏற்றிவிட்டு வந்து நாள் முழுக்க ஒரு வேலையும் செய்யாமல் இருந்தேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பி வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் குடித்தாள். பொறுத்துப் பார்த்துவிட்டு, என்ன பேசினீங்க என்று கேட்டேன்.

"ஒண்ணும் பேசல. அவ சாப்பிட்டா. நான் பக்கத்துல உக்காந்திருந்தேன்."

துணிப்பை மடித்துக் கையிடுக்கில் இருந்தது. அதில் ஒன்றும் இல்லை.

"டப்பா எங்கே? மறந்துட்டியா?"

"மறக்கல. அங்கேயே வெச்சிட்டு வந்தேன்" என்றாள் சலோமி. "அதை வாங்க மறுபடி போகணும்ல."